கறிக்கிடாவுக்கு சைலேஜ்: கேட்டதும் சொன்னதும்

கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும் பக்கத்திலும் கறிக்கு எருமைக்கிடா வளர்க்கிறவங்க கேட்ட கேள்விகள் இவை, கேட்டவங்க ஊர்ப்பேரோட. பச்சைத் தீவனத்தை வெட்டி, காத்துப் புகாம குழியில மிதிச்சு மூடிப் புளிக்கவைக்கிறதுதான் சைலேஜ். கொழிஞ்சாம்பாறையில் வருஷாவருஷம் சைலேஜ் குழி போடுறவன் நான்.

முதலமடை: வைக்கோல் இருக்கறப்ப இது எதுக்குண்ணா?
வைக்கோல் வயித்தை நிரப்பும், கறி வைக்காது. அதுல புரதம் 3, 4 சதவீதம்தான். புரதத்துக்குத் தட்டைப்பயறுக் கொடியைக் காயவெச்சுக்கலாம்னா, ஜூன்ல இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), அக்டோபர்ல துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை). மழை விட்டுக் காய்ஞ்சாலும் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். புரதம் இலையிலதான் இருக்கு. அதான் பச்சையாவே சைலேஜ் போடுறது.

கோபாலபுரம்: மக்காச்சோளம் அறுக்கற பக்குவம்?
மணியை நகத்தால கிள்ளுங்க. பால் பீச்சினா பொறுங்க, மாவாகக் கெட்டிப்பட்டா அறுங்க. ரெண்டு மூணு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, கைப்பிடி அள்ளி இறுக்குங்க. சாறு சொட்டக் கூடாது. விரலை விரிச்சா உருண்டை மெதுவா உதிரணும்.

வேலந்தாவளம்: தட்டைப்பயறு மட்டும் போட்டேன், நாறிப்போச்சு.
பயறுல சர்க்கரை கம்மி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அது புளிப்பு ஏறவிடாம தடுக்கும். பி.எச். (புளிப்பு அளவு, புளிக்கப் புளிக்க இறங்கும்) 4 பக்கம் இறங்கலேன்னா கெட்ட பாக்டீரியா வேலை செஞ்சு அந்த நாத்தம் வரும். பயறை அரைநாள் வாடவிடுங்க. மக்காச்சோளம் 3 பங்கு, பயறு 1 பங்கு. அப்பவும் ஈரமா இருந்தா வைக்கோல் வெட்டிக் கலந்துக்குங்க. 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைச்சுத் தெளிக்கலாம்.

மீனாட்சிபுரம்: பயறே தேவையில்லைண்ணா. மக்காச்சோளம் மட்டும் போட்டா நாறவே நாறாது.
ஒத்துக்க மாட்டேன் தம்பி. மக்காச்சோள சைலேஜ்ல, காய்ஞ்ச எடைக் கணக்குல, புரதம் 8 சதவீதம் பக்கம்தான். வளர்ற கிடாவுக்கு அது பத்தாது, மிச்சத்தைப் பிண்ணாக்கா வாங்கணும். அந்தக் காசை வயல்லயே விளைவிக்கத்தான் பயறு.

வேலந்தாவளம்: அவர் சொல்றதும் சரிதானே? எனக்கு ஒரு குழியே போச்சு.
குழி போனது பயறு சேர்த்ததால இல்லை, அதை மட்டும் ஈரமாப் போட்டதால. காத்து புகுந்தாலும் கெடும். என் முதல் குழியில ஒரு மூலையைச் சரியா மிதிக்காம விட்டேன். திறந்தப்ப அந்த மூலை மட்டும் கை வைக்க முடியாத சூடு, புகையிலை நிறம். கிடாக்கள் ஆசையாத் தின்னுச்சு, ஆனா சூட்டுல புரதம் வெந்துட்டா உடம்புல ஒட்டாது. அடுக்குக்கு அடுக்கு மிதிங்க, மூலையை ரெண்டு தடவை மிதிங்க.

எலப்புள்ளி: எப்போ திறக்கலாம்?
45 நாள்.

வடகரப்பதி: 20 நாள்ல திறந்து பார்த்து மூடிட்டா?
இப்பத்தானே சொன்னேன், 45 நாள். நடுவுல திறந்தா காத்து போகும். திறக்காதீங்க.

பெருமாட்டி: பால்மாட்டுக்கு எவ்வளவு?
அது வேற கணக்கு, மிருகாஸ்பத்திரி டாக்டரைக் கேளுங்க.

முதலமடை: 200 கிலோ கிடாவுக்கு?
2 கிலோவுல ஆரம்பிச்சு, பத்து நாள்ல 10 கிலோ வரைக்கும் ஏத்துங்க. கூட வைக்கோலும் கொஞ்சம் அடர்தீவனமும் வேணும். தினமும் குழி திறந்த முகப்புல ஒரு சாண் சீவி எடுத்து, தார்ப்பாயை உடனே இழுத்து மூடுங்க. பூஞ்சணம் பிடிச்சதை எருக்குழியில கொட்டுங்க, கிடாவுக்கு வைக்காதீங்க.