பேத்தி எடுத்த பிசியாலஜி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்தேன். பாலக்கோடு வட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. அதற்கு ஊர்க் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிந்தபோது நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

எழுத வந்தது வேறு விஷயம். எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் என் மகன் வயிற்றுப் பேத்தி. மேற்படிப்புக்குக் கலந்தாய்வில் எம்.டி. பிசியாலஜி, அதாவது உடல் இயங்கும் விதத்தைப் படிக்கும் உடலியங்கியல், எடுத்திருக்கிறாள். மதிப்பெண் குறைந்ததால் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உறவில் பேச்சு. “அப்படியென்றால் ஊசி போடமாட்டாளா? வாத்தியார் வேலைக்கா இத்தனை படிப்பு?” என்று சம்பந்தியே கேட்டுவிட்டார். வாத்தியாராகவே காலம் தள்ளிய எனக்கு வாய் அடைத்துப்போனது. இந்தத் துறையில் அவள் என்னதான் செய்ய முடியும்?

இன்னொன்று. என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க ஆசை. வீட்டில் பேச்செடுத்தாலே சண்டை. வழி என்ன? பெயரை வெளியிட வேண்டாம்.

பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

சம்பந்தி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பிசியாலஜி, அனாடமி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் பாடங்கள், நோயாளி வந்து நிற்காத துறைகள். கலந்தாய்வில் கதிரியக்கவியலும் தோல் மருத்துவமும் பொது மருத்துவமும் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். பிசியாலஜி முதலான மூன்றிலும் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடக்கும். பெயருக்குப் பின்னால் இந்தப் பட்டத்தைப் போட்டு மாலை நேர கிளினிக்கில் கூட்டம் சேர்க்க முடியாது. ஆனால் எம்.பி.பி.எஸ். பதிவு எங்கும் போய்விடாது. அவள் தாராளமாக ஊசி போடலாம். இதை மட்டும் சம்பந்தியிடம் உடனே சொல்லிவிடுங்கள், பாதிக் கோபம் தணியும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். சம்பந்திக்கு என்றைக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அதை உருவாக்கிய ஐந்தோவன், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பிசியாலஜி பேராசிரியர். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பென்னாகரம் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வயிற்றுப்போக்குக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது, குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே போகின்றன என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். குடலின் சுவரில் என்ன நடக்கிறது என்று யாரோ ஒருவர் நோயாளியைப் பார்க்காமல் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும், இல்லையா?

“வாத்தியார் வேலை” என்ற இளக்காரத்துக்கு என் நண்பர் ஒருவரின் வகுப்பைச் சொல்கிறேன். பிசியாலஜி பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலாண்டுச் செய்முறையில் மாணவர்கள் தங்கள் விரலைத் தாங்களே குத்திக்கொள்வார்கள். ஒரு சிறு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். சிவப்பு மெல்லக் கறுத்துப் பழுப்பாகும். பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு இணையாகும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். குழாயில் நீர் நிற்கும் கோடுதான் ஹீமோகுளோபின் அளவு. சாலி முறை என்பார்கள். பழைய முறை, துல்லியம் போதாது. ஆனால் தனக்குச் சோகை இருப்பதை விடுதி மாணவிகள் பலர் முதன்முதலாக அறிவது அந்த மேசையில்தான். நண்பர் எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட மாட்டார். “பத்து கிராம்தான் இருக்கிறது, ஆனாலும் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாயே, எப்படியம்மா?” என்று கேட்பார். இதயம் நிமிடத்துக்குக் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது, சிவப்பணு தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது என்ற பதிலுக்கு அந்தப் பெண்ணே வந்து சேரும்வரை விடமாட்டார். பின்னாளில் கர்ப்பிணி ஒருத்தி “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொன்னாலும் அந்தப் பெண் இமையைக் கீழிழுத்துப் பார்ப்பாள்.

ஆராய்ச்சி என்று வந்தால் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. எம்.டி. மூன்று ஆண்டு, அதற்குள் ஆய்வேடு முடிக்க வேண்டும். பணம் கிடையாது, ஊர் ஊராகப் போக நேரமும் கிடையாது. எனவே பக்கத்து வகுப்பறையில் யார் இருக்கிறார்களோ அவர்களே ஆய்வுப் பொருள். தேர்வுக்கு முந்தைய நாள் மாணவரின் நாடித்துடிப்பு, செல்பேசி பார்க்கும் மாணவரின் தூக்கம், பிராணாயாமம் செய்த மாணவரின் ரத்த அழுத்தம். ஒரு காலத்தில் செய்முறை மேசையில் கிடந்த தவளைக்கு விடுதலை கொடுத்துவிட்டு அந்த இடத்தில் முதலாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து வைத்துவிட்டோமோ என்று தோன்றும்.

உங்கள் பேத்தி அப்படிச் செய்யக் கூடாது. அவளுடைய தலைப்பு உங்கள் ஊர்க் கிணற்றில் கிடக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் பாறை அதை மதிப்பதில்லை. உள்ளே போன ஃபுளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். தங்குவதில் ஏறக்குறைய முழுவதும் எலும்பிலும் பல்லிலும் போய்ச் சேரும். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், வலிமை இருக்காது. பிறகு எலும்பு முளைக்கக் கூடாத இடங்களில் முளைக்கும்: முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில், முதுகெலும்புகளைக் கட்டி நிறுத்தும் நார்களில். தண்டுவடம் நெரிபட்டால் கால் விளங்காமல் போகும். 1937-இல் ஷார்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நெல்லூர்ப் பகுதியில் இதைப் பதிவு செய்தபோது நெல்லூர் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

2013-இல் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரி நீர் வந்தது. குழாய் வந்து சேர்ந்த ஆண்டு ஊருக்கு ஊர் வேறு. ஆய்வாளருக்கு அதுவே வசதி. ஒரே வீட்டில் அக்கா கிணற்று நீரில் வளர்ந்தவள், தம்பி குழாய் நீரில் வளர்ந்தவன். பல்லின் எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குடித்த நீர்தான் பல்லில் கறையாக நிற்கும். இருவரையும் வாயைத் திறக்கச் சொன்னாலே பாதி ஆய்வு முடிந்தது. இருவரின் சிறுநீரிலும் இன்று எவ்வளவு ஃபுளோரைடு போகிறது? சமையலுக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் என்றால் தம்பியின் அளவும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து நம் கேழ்வரகு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கால்சியம் குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டால் உடலுக்குள் போவது குறையும். ஆனால் கேழ்வரகில் இயல்பாகவே இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் களி கிண்டும் நீரே கிணற்று நீர் என்றால் கணக்கு எந்தப் பக்கம் சாயும்? களி உண்ணும் வீட்டையும் ரேஷன் அரிசி உண்ணும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஊரைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் சம்மதம், ஃபுளோரைடை அளக்கும் மின்முனை உள்ள ஒரு ஆய்வகம், கொஞ்சம் பஸ் பயணம்: இவ்வளவுதான் வேண்டும். ஆய்வுத் தலைப்பை முதலாண்டிலேயே கொடுத்துவிட வேண்டியிருக்கும். சீக்கிரம் பேசுங்கள்.

உடல் கொடை விஷயம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விருப்பப் படிவம் கேளுங்கள். நெருங்கிய உறவினர் ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போடுவது நல்லது, ஏனென்றால் கடைசியில் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். உயிலில் எழுதிப் பீரோவில் வைத்தால் பலன் இல்லை. காரியம் முடிந்த பிறகே உயிலைப் பிரிப்பார்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும் சில தொற்றுகள் உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணைத் தனியாகக் கொடுக்கலாம், அது தடையாகாது. வீட்டுச் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. பேத்தியைப் பேசச் சொல்லுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள், ஐயா. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா? தாடை மார்பில் படுகிறதா? இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் வயது மட்டும் காரணமாக இல்லாமல் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் அந்தப் படிவத்தோடு ஒரு தாள் இணைத்துவிடுங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த ஊரில் இருந்தீர்கள், எந்தக் கிணற்று நீர் குடித்தீர்கள், வீட்டுக்குக் குழாய் எப்போது வந்தது. இந்த விவரத்தோடு ஒரு முதுகெலும்பு எந்த உடற்கூறியல் மேசைக்கும் எளிதில் வந்து சேர்வதில்லை.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து