சத்தம் கேட்குது, கதை விளங்குதில்ல

அன்புள்ள சேர்,

அப்பாவுக்கு எழுபது வயது. நிறையச் செலவழித்துக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். போன வாரம் கல்முனையில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தவர், பாதியிலேயே கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். "சத்தம் நல்லாக் கேட்குது மகள், கதைதான் விளங்குதில்ல" என்கிறார். இப்போது அது அலுமாரிக்குள் கிடக்கிறது. மெஷின் பிழையா, அப்பாவின் பிடிவாதமா? அடுத்த மாதமும் ஒரு கல்யாணம் இருக்கிறது. கூட்டிப்போகலாமா?

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

மெஷினை வாங்கிய இடத்தில் ஒருமுறை சரிபார்க்கக் கொடுங்கள். ஆனால் பிடிவாதம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா சொன்னதைவிடச் சரியாக ஒரு டொக்டர்கூடச் சொல்லமாட்டார்.

வயதோடு காது மங்கும்போது முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ச, ஸ, த போன்ற மெய்களைப் பிரித்தறிய அவைதான் வேண்டும். ஆ, ஓ என்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வந்துவிடும். ஆகவே சத்தம் வரும், சொல் வராது. பக்கத்தில் போய்க் கத்துகிறோமே, அதில் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். வாயசைவும் கோணிப்போகும்.

விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்புகிறது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவுசெய்த வாக்கியமொன்றில் ஓர் ஒலியை வெட்டியெடுத்து அங்கே இருமலை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் முழுதாகவே கேட்டது. இருமல் எங்கே வந்தது என்றுதான் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நம்முடைய கூத்துக்களரியில் மத்தளமும் சல்லரியும் சதங்கையும் சேர்ந்து முழங்கும்போதும் முன்வரிசைக் கிழவருக்குப் பாட்டு விளங்கும். அவருக்குக் கதை தெரியும். பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பவும் பாடுவார்கள். கல்யாண வீட்டில் இந்த இரண்டு வசதியும் இல்லை. அப்பா ஊகத்துக்குப் பிடிமானம் இல்லாமல் மணிக்கணக்காக ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையிடி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் மூளை பழகும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மத் டேவிசும் கூட்டாளிகளும், பேச்சின் நுண்மையைச் சிதைத்து, கரகரத்த இரைச்சல்போல மாற்றிக் கேட்கவைத்தார்கள். முதலில் ஏறக்குறைய ஒரு சொல்லும் பிடிபடவில்லை. 30 வாக்கியங்கள் கேட்பதற்குள் 70 வீதமளவு சொற்களைச் சரியாகச் சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: என்ன வாக்கியம் என்று தெரிந்துகொண்டே சிதைந்த ஒலியைக் கேட்டவர்கள் இன்னும் நன்றாகப் பழகினார்கள். வெறும் பொருளற்ற ஒலிக்கோவைகளால் பழக்கியபோது அந்த முன்னேற்றம் வரவில்லை.

அதை வீட்டில் இப்படிச் செய்து பார்க்கலாம். மெஷினைப் போட்டுக்கொண்டு அப்பா பேப்பரைக் கண்ணால் தொடர, நீங்கள் அதே செய்தியை வாசியுங்கள். அமைதியான அறையில், தினமும் கொஞ்ச நேரம். காதுக்குப் பல வருடமாக வராத ஒலிகள் திடீரென வந்திருக்கின்றன. பிடிபட வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இடையில் "இப்ப என்ன சொன்னன்?" என்று சோதனை வைக்காதீர்கள்.

கதைக்கும்போது விடயத்தை முதலில் சொல்லுங்கள்: "அப்பா, வயல் விசயம்" என்று தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். விளங்காவிட்டால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும். உதட்டைப் பார்ப்பதும் கேட்பதில் ஒரு பங்குதான்.

அடுத்த மாதக் கல்யாணத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் அவருடைய முதுகுப்பக்கம், தூரத்தில் இருக்கிறமாதிரி இடம் பிடியுங்கள். கதைக்க வருகிறவர்களை ஒவ்வொருவராக முன்னால் வந்து உட்காரச் சொல்லுங்கள்.