மூன்றாம் தரமான ஷாத்தோ பால்மருக்கு ஏன் இவ்வளவு விலை?

ஷாத்தோ பால்மர் பிரான்சின் போர்தோ பகுதித் தோட்டம் ஒன்றின் சிவப்பு ஒயின்; அப்பகுதி ஒயின்களின் பழைய தரவரிசையில் அதற்கு மூன்றாம் தரம். அதே வரிசையின் இரண்டாம் தர ஒயின்கள் பலவற்றைவிட பால்மரின் விலை கூடுதலாக இருப்பதைக் கடையில் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாரிசில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இது என் தொழில் என்பதால், குடிப்பழக்கத்தைப் பரப்புகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அந்தத் தரவரிசை, 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் சந்தை விலையை வைத்துத் தொகுத்த பட்டியல். 1814இல் தோட்டத்தை வாங்கிய ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் பால்மர் பணமுடையால் 1843இல் அதை விற்றார். 1853இல் வாங்கிய பெரேர் சகோதரர்கள் அதைச் சீராக்கி முடிக்கும் முன்பே பட்டியல் வந்துவிட்டது. அதன்பின் அதில் தரம் உயர்ந்தது மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற ஒயின் மட்டுமே, அதுவும் 1973இல்தான்.

பால்மரின் குணம் மெர்லோ திராட்சையில் இருக்கிறது. பால்மர் இருக்கும் மெதோக் பகுதியில் சரளை நிலத்தைக் கபர்நே சோவிஞ்ஞோன் என்ற திராட்சைக்கு ஒதுக்கிவிட்டு மெர்லோவைக் களிமண்ணில் நடுவதே வழக்கம். பால்மரிலோ சிறந்த சரளை மேட்டிலும் மெர்லோ வளர்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஏறத்தாழச் சமபங்காகக் கலக்கப்பட, பெத்தி வெர்தோ என்ற திராட்சையும் சிறிது சேரும். மெர்லோ என்றாலே குழைவான, எளிய ஒயின் என்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. நான் பரிமாறிய 1999ஆம் ஆண்டுப் பால்மரில் முதலில் வயலட் பூவின் மணம் எழுந்தது. காற்றுப்பட வைத்திருந்தபோது கரும்பிளமும் ஈரமண்ணும் மெல்லிய மசாலா வாசனையும் வந்தன. துவர்ப்பு நாவைப் பிடிக்காமல் நீண்ட நேரம் நின்றது. ஆனால் எங்கள் மேலாளர் ஒயின் அட்டையைத் தரவரிசைப்படியே அச்சிட வைத்ததால், பெரும்பாலான விருந்தினர் அந்தப் பக்கம் வரை புரட்டவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எல்லா ஆண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் என்றோ, விலை முழுவதும் சுவைக்கானது என்றோ நான் வாதிடவில்லை. பெயருக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் 2018ஐப் பாருங்கள். செயற்கைப் பூஞ்சைக்கொல்லி தெளிக்காத உயிராற்றல் வேளாண்மையில் நின்றதால், பூஞ்சை நோய் தாக்கி ஹெக்டேருக்குச் சுமார் 1,100 லிட்டர்தான் கிடைத்தது. அந்த ஆண்டு அதே தோட்டத்தின் அடுத்தநிலை ஒயினான ஆல்டர் ஈகோவைத் தயாரிக்காமல், கிடைத்ததைக் கொண்டு பால்மரை மட்டுமே செய்தார்கள்.