லைற்றும் இலகுவும்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘லைற்’ என்ற ஒரே சொல் வெளிச்சத்தையும் பாரமின்மையையும் குறிப்பது ஏன்? வெளிச்சத்துக்குப் பாரம் இல்லை என்பதாலா? என் அம்மம்மா சொல்லும் ‘அரிக்கன் லாம்பு’ எந்த மொழிச் சொல்?
– உயர்தர வகுப்பு மாணவி, சாவகச்சேரி

பதில்: வெளிச்சத்தைத் தராசில் நிறுக்க முடியாது என்பதால் உங்கள் ஊகம் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் அவை பிறப்பால் வேறான இரு சொற்கள். காலப்போக்கில் ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தின் உறவு மொழியாகிய ஜேர்மன், வெளிச்சத்தை ‘லிஹ்ட்’ என்றும் பாரமற்றதை ‘லைஹ்ட்’ என்றும் இன்றும் பிரித்தே சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத நடு எழுத்துகள், அங்கே கேட்கும் அந்த ‘ஹ்’ ஒலியின் எச்சமே.

சான்று தேடி அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் குறிக்கும் லைற்றின் மூலவேர், சமஸ்கிருதத்தில் லகரம் ரகரமாகி, ஒளிர்தலைக் குறிக்கும் ‘ருச்’ என்று நின்றது. அதில் பிறந்த ‘ருசி’ என்ற சொல்லுக்கு ஒளி, விருப்பம், சுவை ஆகிய பொருள்கள் இருந்தன, நாம் சுவையைக் கைக்கொண்டோம். மற்ற லைற்றின் உறவுச் சொல் ‘லகு’. அதைத்தான் நாள்தோறும் ‘இலகு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்த இரு வேர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ருசியாகவும் இலகுவாகவும் தனித்தனியே வாழ்வது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

மெழுகுதிரியைக் குறிக்கும் ‘கான்டில்’, வெண்ணிறமாய் ஒளிர்தலைக் குறித்த லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் சந்திரனும் அந்தக் குடும்பமே. ‘ரோர்ச்’ என்பதன் வேரோ ஒளியைப் பற்றியதே அன்று. முறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து, முறுக்கிச் செய்த பந்தம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக அது வந்தது என்பர். துணியைத் திரித்து விளக்கில் இடுவதைத் ‘திரி’ என்ற நம் முன்னோரும் அவ்வாறே கையின் தொழிலைக் கொண்டு பெயரிட்டனர். இதில் உறவு இல்லை, ஒத்த சிந்தனையே உண்டு.

லாம்பு கிரேக்கத்திலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஐரோப்பாவெங்கும் பரவிய சொல். தொடக்கத்தில் அது தீப்பந்தத்தையே குறித்தது. அரிக்கன் என்பது ‘ஹரிக்கேன்’, அதாவது சூறாவளி. காற்றில் அணையாதபடி கண்ணாடிச் சிமினியால் காக்கப்பட்டதால் விளக்குக்கு அப்பெயர் வாய்த்தது. அச்சொல்லை ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்தும், ஸ்பானியர் கரீபியன் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்தும் பெற்றனர். உங்கள் அம்மம்மாவின் குசினியில் தொங்கிய விளக்கின் பெயரில் பாதி கிரேக்கம், பாதி தைனோ.