கீமோதெரபி பெறும் தோழிக்கு என்ன வாங்கிச் செல்லலாம்?

கேள்வி: என் பள்ளித் தோழிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி கொடுக்கிறார்கள். அவரை வீட்டில் சென்று பார்க்க விரும்புகிறேன். பழக்கூடையும் சிக்கன் எசன்ஸும் வாங்கிச் செல்வதா, பணமாகக் கொடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. உடம்பைத் தேற்றும் என்று உறவினர் ஒருவர் மூலிகைப் பொடி ஒன்றையும் வாங்கித் தரச் சொல்கிறார். எதைக் கொடுக்கலாம், டாக்டர்? (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் தோழிக்கு எது பிடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இப்போதைய நிலையில் அவருடைய உடல் எதைத் தாங்கும் என்பதை நான் சொல்கிறேன். மருந்து ஏற்றிய முதல் சில நாள்களில் குமட்டலும் களைப்பும் மிகுந்திருக்கும்; ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து, தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும்; மூன்றாம் வாரத்தில்தான் பெரும்பாலோருக்கு நாவில் ருசியும் உடம்பில் தெம்பும் ஓரளவு திரும்பும். ஆகவே அடுத்த மருந்து எந்தத் தேதியில் என்று அவருடைய வீட்டாரிடம் விசாரித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரத்தில் செல்லுங்கள். உங்களுக்கு லேசான சளி இருந்தாலும் அன்று போக வேண்டாம்.

பழம் கொடுப்பதானால் வாழைப்பழம், ஆரஞ்சு போன்று தோலை உரித்துச் சாப்பிடக்கூடியவற்றை அளவாக வாங்குங்கள். பம்பளிமாஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டோசிடாக்செல் போன்ற சில மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தை அது குறைத்து, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். சிக்கன் எசன்ஸ் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒரு சிறு போத்தலில் இருக்கும் புரதம் ஏறக்குறைய ஒரு முட்டையில் இருக்கும் அளவுதான் என்பதால், அதற்குச் செலவிடும் பணத்தில் அன்றைக்குச் சமைத்த மீன் குழம்பையோ பருப்புச் சாதத்தையோ சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுப்பது மேல். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, வெட்டி வைத்து விற்கும் பழம், காய்ச்சாத பால் ஆகியவை சிகிச்சை முடியும்வரை வேண்டாம். கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து கொடுப்பதில் தடையில்லை. தீர்த்தத்தை மட்டும் அருந்தக் கொடுக்காதீர்கள்.

மூலிகைப் பொடியைப் பற்றி நான் உறுதியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: வாங்கிக் கொடுக்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சளும் இஞ்சியும் உணவு. அவற்றையே செறிவூட்டி மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கும்போது அவை மருந்தாகிவிடுகின்றன. அத்தகைய பொருள்களில் சில கீமோ மருந்தின் வீரியத்தைக் குறைக்கின்றன, சில நச்சுத்தன்மையைக் கூட்டுகின்றன, சில இரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அன்போடு கொடுத்ததை மறுக்க மனமில்லாமல் நோயாளிகள் அதை மருத்துவரிடம் சொல்லாமலே சாப்பிடுகிறார்கள்; கல்லீரல் பரிசோதனை முடிவு மோசமாக வந்து, அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப்போட நேர்ந்த பிறகுதான் அந்த டப்பா பையிலிருந்து வெளியே வருகிறது. உறவினர் மீண்டும் வற்புறுத்தினால், தோழியின் புற்றுநோய் மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வாங்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது விலை அதிகமில்லாத சில பொருள்கள். நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று அவர் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் பரிசாக இருக்கட்டும். கீமோ காலத்தில் 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். வாய்ப்புண் வருவோருக்கு மிக மென்மையான பல் தூரிகையும், தோல் வறண்டவருக்கு வாசனையற்ற களிம்பும் உதவும். மருந்து ஏற்றும் அறைகளில் குளிர்சாதனம் பல மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பருத்திச் சால்வை, காலுறை, முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான மேற்சட்டை ஆகியவையும் பயன்படும். தலையில் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணி நல்லது. பொய்முடியை மட்டும் அவர் கேட்காமல் வாங்காதீர்கள். நம் வழக்கப்படி வளையல் வாங்க எண்ணினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் இறுக்கமான எதையும் அணியக்கூடாது, கை வீங்கக்கூடும். தேக்காவில் வாங்கும் மல்லிகைச் சரத்தின் மணம் சாதாரண நாளில் மனத்துக்கு இதம்; குமட்டல் உள்ளவருக்கு அதுவே வாந்தியை வரவழைக்கலாம். பல புற்றுநோய்ப் பிரிவுகளில் பூக்களை உள்ளே அனுமதிப்பதுமில்லை.

பணம் கொடுப்பதில் தவறேதும் இல்லை. சிகிச்சைக் காலத்தில் டாக்சிக் கட்டணமே கணிசமாக ஏறிவிடும். உறை கொடுத்தால் அவர் கூச்சப்படுவார் என்று தோன்றினால், பேரங்காடிப் பற்றுச்சீட்டாக அவர் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் மாதம் வீடு நிறைய ஆள் வரும். நான்காவது, ஐந்தாவது சுற்றில் யாரும் இருக்க மாட்டார்கள், களைப்போ அப்போதுதான் கூடியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே முறையில் கொடுத்துவிடாமல் சிலவற்றைப் பின்னால் கொடுங்கள். கீமோவுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால், பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில் தினமும் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருக்கும். அதற்கான அட்டவணை கைக்கு வந்ததும் துணைக்கு ஆளில்லாத நாள்கள் எவை என்று கேட்டு, அவற்றில் உங்களால் முடிந்தவற்றை உங்கள் பெயரில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.