பெர்னௌலி தேற்றம், பெர்னௌலி எண்கள், பெர்னௌலி பரவல்: மூன்றும் ஒரே ஆளுடையதா?

இல்லை, குடும்பம்தான் ஒன்று. இயற்பியல் பாடத்தில் வரும் பாய்மத் தேற்றம் டேனியலுடையது. எண்களும் நிகழ்தகவுப் பரவலும் அவருடைய பெரியப்பா ஜேக்கப் பெயரில் வந்தவை.

ஸ்பானிய ஆட்சியின் மதக் கெடுபிடிக்குப் பயந்து ஆன்ட்வெர்ப்பை விட்டுக் கிளம்பிய புராட்டஸ்டண்ட் குடும்பம் இது. கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மசாலா வியாபாரம் செய்து காலூன்றினார்கள். அப்பா நிக்கோலஸ் மூத்தவன் ஜேக்கப்பை இறையியல் படிக்கச் சொன்னார். இளையவன் யோஹானை வியாபாரத்தில் இழுத்துவிடப் பார்த்தார். இருவரும் கணக்குப் பக்கம் ஓடிவிட்டார்கள். தம்பிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். பிறகு அறிவியல் இதழ்களில் ஊரறியச் சண்டை போட்டுக்கொண்டதும் இதே இருவர்தான். 1705இல் அண்ணன் இறந்ததும் அவருடைய பேராசிரியர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தார். அவருக்குப் பின் அவர் மகன் இரண்டாம் யோஹான். ஆக ஜேக்கப் அதில் அமர்ந்த 1687 முதல் 1790 வரை பாசெல் பல்கலைக்கழகத்தின் கணித நாற்காலி இந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை!

எனக்கு இவர்களில் யோஹான்மீதுதான் ஆர்வம் அதிகம். மரியாதை கொஞ்சம் குறைவு. லோபிதால் என்ற பிரெஞ்சுப் பிரபு ஆண்டுக்கு 300 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கொடுத்து இவருடைய கண்டுபிடிப்புகளை வாங்கிக்கொண்டார். நாம் படிக்கும் லோபிதால் விதி உண்மையில் யோஹானுடைய சரக்கு. அந்த வயிற்றெரிச்சலைக் கடைசிவரை சுமந்தவர், பெற்ற மகனிடமே அதைவிட மோசமாக நடந்துகொண்டார். டேனியலையும் முதலில் வியாபாரத்துக்குத் தள்ளினார், பிறகு மருத்துவத்துக்கு. 1734இல் பாரிஸ் அகாதமி தந்தைக்கும் மகனுக்கும் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தது. மகனைத் தனக்குச் சமமாக வைத்ததைப் பொறுக்க முடியாமல் வீட்டை விட்டே துரத்திவிட்டார். அதோடு நிற்கவில்லை. பாய்மங்களின் இயக்கம் பற்றிய டேனியலின் ‘ஹைட்ரோடைனமிகா’ நூல் 1738இல் வந்தது. பிறகு தானும் அதே துறையில் ‘ஹைட்ராலிகா’ எழுதி, அது 1732லேயே எழுதியது என்று காட்டிக்கொண்டார். இவரிடம் படித்தவர்தான் கணித மேதை ஆய்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியராக ஆள் கெட்டி.

அடுத்த தலைமுறையில் இரண்டாம் ஜேக்கப், ஆய்லரின் பேத்தியைக் கட்டிக்கொண்ட அதே 1789இல் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 29.

அதன் பிறகும் குடும்பம் ஓயவில்லை, கணிதம்தான் குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் குஸ்தாவ் பெர்னௌலி மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் குவாத்தமாலாவில் வாழ்ந்தார். அங்குள்ள திக்கால் என்ற பழைய நகரின் மாயன் கோயில்களிலிருந்த செதுக்கிய மர நிலைவிட்டங்களைப் பெயர்த்துப் பாசெலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர் அவர்தான். அவை இன்றும் பாசெல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.