ஐயாபெட்டஸ் நிலவு: கேள்வி பதில்

கேள்வி: சனியின் ஐயாபெட்டஸ் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. ஏன்?

இந்த நிலவைக் கண்டுபிடித்த வானியலாளர் காசினியே இதைக் கவனித்தார். 1671-ல் சனிக்கு மேற்கே தெரிந்த நிலவு, கிழக்கே போனதும் காணாமல் போனது. ஒரு பாதி இருண்டது என்று சரியாகவே ஊகித்தார். எதிர்த்திசையில் சுற்றும், சனியின் மற்றொரு நிலவான ஃபீபியிலிருந்து கிளம்பும் கரிய தூசு, ஐயாபெட்டஸின் முன்பக்கத்தில் படிகிறது. சனியைச் சுற்றியுள்ள அந்தத் தூசு வளையத்தை 2009-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி காட்டியது. தூசு வெறும் தொடக்கம்தான். இங்கே ஒரு நாள் என்பது நமது 79 நாள். நீண்ட பகலில் கறுத்த இடம் கூடுதலாகச் சூடேறி, அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த பக்கத்தில் போய் உறைகிறது. அதனால் கறுப்பு மேலும் கறுக்கிறது, வெள்ளை மேலும் வெளுக்கிறது.

கேள்வி: கறுப்புப் படலம் எவ்வளவு தடிமன்?

மெல்லியதுதான். சிறு குழிகளில்கூட அடியிலுள்ள வெள்ளைப் பனி தெரிகிறது.

கேள்வி: நடுக்கோட்டில் ஓடும் மேடு செயற்கையா?

இல்லை. ஒரு காலத்தில் ஐயாபெட்டஸைச் சுற்றியிருந்த வளையம் விழுந்து உருவானது என்பதே என் கருத்து.

கேள்வி: இவ்வளவு நேராக இயற்கையில் வருமா?

வரும். தூரத்துப் படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 2007-ல் காசினி விண்கலம் நெருங்கி எடுத்த படங்களில் அது குழிகள் நிறைந்த பழைய மலைத்தொடர். சில இடங்களில் தனி மலைகளாக உடைந்திருக்கிறது. நீளம் 1,300 கி.மீ.க்கு மேல், உயரம் சில இடங்களில் சுமார் 20 கி.மீ.

கேள்வி: வளையம் விழுந்து உருவானது என்கிறீர்கள். ஒரு காலத்தில் வேகமாகச் சுழன்ற நிலவின் இடை பிதுங்கி அப்படியே உறைந்திருக்கிறது. மேடும் அதில் வந்ததுதானே?

பிதுக்கத்தை ஏற்கிறேன். இன்றைய வடிவம் சுமார் 16 மணி நேரச் சுழற்சிக்குத்தான் பொருந்தும். ஆனால் பிதுக்கம் அகலமானது, மேடு ஒடுக்கமானது. உள்ளிருந்து மேலோடு நெருக்குண்டிருந்தால் மடிப்புகள் வேறு இடங்களிலும் வேண்டும். நடுக்கோட்டில் மட்டும் ஏன்? வளையம் என்றால் இடம் தானாகவே அமைகிறது, அதன் துகள்கள் நடுக்கோட்டில்தான் விழும்.

கேள்வி: அப்படியானால் மற்ற நிலவுகளில் ஏன் இல்லை?

நல்ல கேள்வி. ஐயாபெட்டஸ் சனியிலிருந்து சுமார் 35 லட்சம் கி.மீ. தள்ளியிருக்கிறது. சனியின் இழுப்பு அங்கே பலவீனம் என்பதால், தன்னைச் சுற்றி ஒரு வளையத்தையோ குட்டி நிலவையோ நெடுங்காலம் வைத்திருக்க முடியும். உள்ளே சுற்றும் நிலவுகளுக்கு அது கடினம். எனக்கு இதுதான் வலுவான வாதம்.

கேள்வி: யாரோ கட்டியதாக வாய்ப்பே இல்லையா?

மேலே சொல்லிவிட்டேன். குழிகளைப் பாருங்கள்.

கேள்வி: சனியின் இன்னொரு நிலவான என்செலடஸின் நீராவிப் பீச்சல்கள்?

அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்று ஐயாபெட்டஸ் மட்டும்.